பைபாஸ் வழியாகப் போகிறவர்

டாக்டர் அம்மாவுக்கு வணக்கம்.

எனக்கு 54 வயது. நாகப்பட்டினம் பக்கம் மனை போட்டு விற்கிறேன். 2004 சுனாமிக்குப் பிறகு கரையோரத்து ஜனங்கள் "கடல் சத்தம் கேக்காத எடமா பாருங்க" என்று வந்து நின்றார்கள். அப்படித்தான் இந்தத் தொழிலுக்கு வந்தேன்.

என் தம்பியைத் தொழிலில் சேர்த்ததே நான்தான். இன்று அவன் தனியாக ஆபீஸ் போட்டு என் பார்ட்டிகளையே இழுக்கிறான். 2016 செப்டம்பரில் அங்கீகாரமில்லாத மனைகளைப் பதியக்கூடாது என்று கோர்ட் தடை வந்தபோது, அட்வான்ஸ் கொடுத்தவர்கள் எல்லாம் என் வாசலில்தான் உட்கார்ந்தார்கள். தம்பி அன்றைக்கு ஊரிலேயே இல்லை. கையில் இருந்ததை விற்றுத்தான் சமாளித்தேன். அப்புறம் வரன்முறைத் திட்டத்தில் பணம் கட்டி எல்லாவற்றையும் சரி செய்தேன். இன்று என் காகிதத்தில் யாரும் ஒரு குறை சொல்ல முடியாது.

மகன் சென்னையில் சிவில் இன்ஜினீயர். "உங்க தொழில் எனக்கு வேணாம்ப்பா" என்கிறான். யாருக்காகச் சம்பாதித்தேன்? மனைவி கேட்டதற்குப் பதில் சொல்வதோடு சரி. தீபாவளிக்குத் தம்பி வீட்டிலிருந்து ஒரு போன் வரவில்லை. மழை பெய்தால் தூக்கம் போய்விடுகிறது, எழுந்து திண்ணையில் உட்கார்ந்துகொள்கிறேன். வயசுக் கோளாறாக இருக்கும்.

என் இரண்டாவது நகர் ஆறு மா நிலம், ஏக்கர் கணக்கில் சுமார் இரண்டு, 38 மனை. அந்தப் பக்கம் போவதை விட்டுவிட்டேன். பைபாஸில் சுற்றித்தான் ஆபீஸ் போகிறேன். போன ஐப்பசியில் அங்கே கொஞ்சம் தண்ணீர் நின்றது. கருவாடு விற்கும் அக்கா ஒருவர், கரையிலிருந்து வந்தவர், அறுபது தவணை கட்டி வாங்கியவர், "தம்பி, ஒரு மோட்டார் அனுப்ப முடியுமா" என்று கேட்டார். அனுப்பினேன். வேறு ஒன்றும் சொல்லவில்லை. மனை பிரிக்கும்போதே அப்பா "அதுல தண்ணி ஓடும்டா" என்றார். வரைபடத்தில் வாய்க்கால் எதுவும் இல்லை. சவுடு மண் அடித்து மேடாக்கினோம். அது கிடக்கட்டும்.

தம்பி இப்படிச் செய்யலாமா? மகனை எப்படி வழிக்குக் கொண்டுவருவது?

— பெயர் வேண்டாம்

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். தம்பி இழுத்துப்போன பார்ட்டிகளில் ஒருவரைப் பற்றியாவது ஏதாவது சொல்லியிருக்கிறீர்களா? இல்லை. அந்த அக்காவுக்கு மட்டும் கரை, கருவாடு, அறுபது தவணை, கேட்ட கேள்வி எல்லாம் எழுதிவிட்டு, "அது கிடக்கட்டும்" என்கிறீர்கள். அது கிடக்கவில்லை. அதைத்தான் தினமும் பைபாஸில் சுற்றிக்கொண்டிருக்கிறீர்கள்.

நானும் கடைமடையில் பிறந்தவள். மேட்டூர் தண்ணீர் எப்போது வந்து சேரும் என்று கவலைப்படுகிற அதே ஊரில்தான், ஐப்பசி கார்த்திகையில் மழைத் தண்ணீர் எப்போது வடியும் என்றும் கவலை. வர ஒரு வழி, வடிய ஒரு வழி. இது உங்கள் அப்பாவுக்கு வரைபடம் பார்க்காமலே தெரியும். உங்களுக்கும் தெரிந்திருக்கும். காகிதத்தில் குறை இல்லை என்று எழுதினீர்களே, யாரும் கேட்காதபோது அதை ஏன் சொன்னீர்கள் என்று யோசித்துப் பாருங்கள்.

கடலுக்குப் பயந்து உள்ளே வந்த ஒரு பெண்ணின் கூடத்தில் மறுபடி தண்ணீர். திட்டியிருந்தால் உங்களுக்கு வசதியாக இருந்திருக்கும். பதிலுக்கு நாலு வார்த்தை பேசி, பத்திரத்தைக் காட்டி, மறந்திருப்பீர்கள். அவர் மோட்டார் மட்டும் கேட்டார். அதனால்தான் மழைச் சத்தத்தில் விழித்துக்கொள்கிறீர்கள். இதற்கு வயசைக் குறை சொல்ல வேண்டாம். (பிபி, சர்க்கரை பார்த்துக்கொள்ளுங்கள், அது தனி.)

ஒன்று சொன்னால் கோபப்படக் கூடாது. தம்பி செய்தது நியாயமில்லைதான். ஆனால் அவர் மேல் இருக்கிற கோபம் உங்களுக்கு இப்போது ரொம்பத் தேவைப்படுகிறது. நாள் முழுக்க யாரோ தனக்கு அநியாயம் செய்ததை எண்ணிக்கொண்டிருப்பவருக்கு, தான் செய்ததை எண்ண நேரம் இருக்காது. மனைவி அளந்து பேசுகிறார், மகன் விலகுகிறான் என்பதையும் இதோடு சேர்த்துப் பாருங்கள். இன்ஜினீயர் படித்த பிள்ளைக்கு அந்த நகரில் தண்ணீர் ஏன் நிற்கிறது என்று தெரியாதா? உங்களை அவமதிக்கிறான் என்று நினைக்கிறீர்கள். எனக்கு என்னமோ, நீங்கள் வாயைத் திறப்பீர்கள் என்று காத்திருக்கிறான் என்றே தோன்றுகிறது.

உங்களை மோசமானவர் என்று நான் நினைக்கவில்லை. மோசமானவர் அந்தத் தெரு வழியாகவே ஆபீஸ் போவார், நிம்மதியாகத் தூங்குவார். தடை வந்த வருஷம் வாசலில் உட்கார்ந்தவர்களைப் பார்த்து ஓடாமல் நின்றவர் நீங்கள். 38 வீட்டுக்காரர்களிடம் ஓடுவது ஏன்?

இந்த ஐப்பசிக்கு முன் ஒருநாள் அக்கா வீட்டுக்குப் போங்கள். கையில் பழம், ஸ்வீட் எதுவும் வேண்டாம். போன வருஷம் தண்ணீர் எதுவரை வந்தது என்று கேளுங்கள். சுவரில் கறை இன்னும் இருக்கும், கையை வைத்துக் காட்டுவார். "அங்க தண்ணி ஓடும்னு எனக்குத் தெரியும்க்கா" என்று சொல்ல முடிந்தால் சொல்லுங்கள். முடியாவிட்டால் அவர் தரும் காபியைக் குடித்துவிட்டு வாருங்கள், அடுத்த வாரம் மறுபடி போகலாம். குழாய் பதிப்பதா, வாய்க்கால் வெட்டுவதா, யார் மனையில் எத்தனை அடி விடுவது என்பதெல்லாம் மகனிடம் கேட்க வேண்டிய கேள்விகள். தொழிலுக்கு வா என்று கூப்பிடாதீர்கள். இதற்கு மட்டும் கூப்பிடுங்கள்.

தம்பியைப் பற்றி அடுத்த கடிதத்தில் எழுதுங்கள், அப்போதும் எழுதத் தோன்றினால்.