தோட்டத்துக்குள் விடுமுறைக் குடில்கள்: சுற்றுச்சூழலைக் கெடுக்காமல் நடத்த என்ன செய்ய வேண்டும்?

விவசாயம் நடக்கிற நிலத்தில் நாலு பேர் தங்கும் குடில் மூன்று கட்டி வாடகைக்கு விடப்போவதாகவும், மண்ணும் தண்ணீரும் கெடக்கூடாது என்றும் கேட்டிருக்கிறீர்கள். இந்தக் கேள்விக்கு வழக்கமாக வரும் பதில் மூங்கில் பிரஷ், காகித ஸ்ட்ரா, துணிப்பை. அதெல்லாம் வேண்டாம் என்று சொல்லவில்லை, தாராளமாக வையுங்கள். ஆனால் கழிவுநீர் எங்கே போகிறது, வெந்நீர் எதில் காய்கிறது என்ற இரண்டையும் விட்டுவிட்டு ஸ்ட்ராவைப் பிடித்துக்கொண்டிருப்பதில் பயன் இல்லை.

குடில் நடத்துவதில் பெரிய சிக்கல் ஆள் வரத்து சீராக இல்லாததுதான். வெள்ளி இரவு 12 பேர் இருப்பார்கள், திங்கள் காலை ஒருவரும் இருக்கமாட்டார்கள். செப்டிக் டேங்க், சாண எரிவாயுக் கலன், உரக்குழி எல்லாமே உயிருள்ள ஏற்பாடுகள், அவற்றுக்குத் தினமும் அளவாகத் தீனி வேண்டும். தனியாக இருக்கும் விடுதிக்கு இது தலைவலி. உங்களுக்குப் பக்கத்திலேயே பண்ணை இருக்கிறது. குடிலில் மிஞ்சுவதைப் பண்ணை வாங்கிக்கொள்ள வேண்டும், குடில் காலியாக இருக்கும்போது பண்ணை கொடுக்க வேண்டும். திட்டத்தை இப்படிப் போட்டால் பாதிப் பிரச்சினை வராது.

முதலில் கழிவுநீர். ஆளுக்கு ஒரு நாளைக்கு 150 லிட்டர் என்று வைத்தால் 12 பேருக்கு 1,800 லிட்டர். இரண்டு நாள் தண்ணீர் தங்க இடம், அதற்கு மேல் கசடு படிய இடம் என்று பார்த்தால் 5,000 லிட்டருக்குக் குறையாத தொட்டி வேண்டும். "சராசரியாக நாலு பேர்தானே இருப்பார்கள்" என்று கொத்தனார் சொல்வார், கேட்காதீர்கள். காலை 7 முதல் 9 மணிக்குள் எல்லோரும் குளித்து முடிப்பார்கள். அந்த வேகத்தில் சின்னத் தொட்டி கசடைக் கலக்கி வெளியே தள்ளிவிடும். இரண்டு அறையாகப் பிரியுங்கள், முதல் அறை மொத்தத்தில் மூன்றில் இரண்டு பங்கு. வெளிக்குழாய் உள்குழாயைவிட 5 முதல் 7 செ.மீ. தாழ்வாக இருக்கட்டும். இரண்டு முனையிலும் 'டி' குழாய் போட மறக்காதீர்கள், அது இல்லாவிட்டால் மேலே மிதக்கும் அழுக்குப் படலம் நேராக உறிஞ்சு குழிக்கு (தொட்டியிலிருந்து வரும் நீரை மண்ணுக்குள் இறக்கும் குழி) போய் அடைத்துக்கொள்ளும். கிணற்றிலிருந்து 15 மீட்டராவது தள்ளி இருக்க வேண்டும். மணற்பாங்கான மண், வெடிப்புள்ள பாறை என்றால் 30 மீட்டர். உறிஞ்சு குழியின் அடிமட்டம், மழைக்காலத்தில் நிலத்தடி நீர் ஏறும் உயரத்துக்கு மேல் 2 மீட்டர் இடைவெளி விட்டு நிற்க வேண்டும். அதற்கு இடமில்லாத நிலமானால் உறிஞ்சு குழியே வேண்டாம், நாணல் படுகைக்குப் போங்கள். அதாவது செடி நட்ட ஜல்லிப் படுகை வழியாகத் தொட்டி நீரை ஓடவிட்டுச் சுத்தம் செய்வது.

நாணல் படுகைக்கு ஆளுக்கு 3 முதல் 5 சதுர மீட்டர், குளிர்ப் பகுதியானால் 5 பக்கமே நில்லுங்கள். ஆழம் 60 செ.மீ., அடியில் கசியாத விரிப்பு, 1 சதவீதச் சரிவு. உள்ளே 10 முதல் 20 மி.மீ. ஜல்லி, தண்ணீர் நுழையும் இடத்திலும் வெளியேறும் இடத்திலும் மட்டும் பெருங்கல். நாணல், சம்பு, கல்வாழை எதை வேண்டுமானாலும் நடலாம். தண்ணீர் மட்டம் ஜல்லியின் மேல்பரப்புக்கு 5 செ.மீ. கீழேயே இருந்தால் கொசு வராது. படுகை கெடுவது பெரும்பாலும் நுழையும் பக்கத்தில்தான்: செப்டிக் டேங்கைச் சுத்தம் செய்யாமல் விட்டால் கசடு வந்து ஜல்லி இடுக்கை அடைக்கும், தண்ணீர் மேலே தேங்கி நாறும். இரண்டு மூன்று வருடத்துக்கு ஒரு முறை கசடை எடுத்தே ஆக வேண்டும். ஆள் வராத மாதங்களில் மாட்டுத் தொட்டி வழிந்த நீரைப் படுகைக்குத் திருப்பிவிடுங்கள், செடி காயாது.

குளியல் நீரைத் தனிக் குழாயில் பிரித்தால் இந்தச் சுமை வெகுவாகக் குறையும். மூடாக்கு போட்ட மரப் பாத்திகளுக்கு அதை நேராக விடலாம். ஒரு நாளுக்கு மேல் தேக்கி வைக்கக்கூடாது, கீரை காய்கறிகளுக்குக் கூடாது, தெளிப்பான் வழியாகவும் கூடாது. சலவை நீரில் கவனம்: பெரும்பாலான சோப்புத்தூளில் சோடியம் அதிகம், களிமண்ணில் தொடர்ந்து விட்டால் மண் இறுகித் தண்ணீர் இறங்காது. சோடியம் குறைந்த திரவ சோப்பு வாங்குங்கள், பாத்திகளை மாற்றி மாற்றி விடுங்கள். சமையலறை நீருக்கு கிரீஸ் டிராப் (எண்ணெய்ப் பிசுக்கைப் பிடித்து நிறுத்தும் சிறு தொட்டி) அவசியம், வாரம் ஒரு முறை மேலே மிதப்பதை அள்ள வேண்டும். இன்னொன்று, சுத்தம் செய்ய வருகிறவர் கையில் இருக்கும் ஃபினாயில் பாட்டில். கழிப்பறைக்குக் கழிப்பறை அதைத் தாராளமாக ஊற்றினால் தொட்டியில் இருக்கும் நுண்ணுயிர் சாகும். உப்புக் கறைக்குச் சிட்ரிக் அமிலம், மற்றதற்குச் சாதாரண சோப்பு போதும். ப்ளீச்சையும் அமிலத்தையும் ஒருபோதும் கலக்கக்கூடாது, குளோரின் வாயு வரும்.

எரிவாயுக் கலன் இருந்தால் 2 கன மீட்டர் கலனுக்குத் தினம் 50 கிலோ சாணம், அதே அளவு தண்ணீர். உணவுக் கழிவை மட்டும் நம்பினால், வாரம் முழுக்கப் பட்டினி போட்டு சனிக்கிழமை விருந்து வைத்த வயிறு மாதிரி புளித்துப்போகும். வாயு வரும், ஆனால் அடுப்பு பற்றாது. அப்படி ஆனால் சில நாள் எதுவும் போடாமல் நிறுத்தி, பிறகு புதுச் சாணக் கரைசலைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்க்க வேண்டும். உணவுக் கழிவு, சாணத்தில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள். மிஞ்சினால் உரக்குழி: ஒரு பங்கு ஈரக் கழிவுக்கு இரண்டு மூன்று பங்கு காய்ந்த சருகு. சமைத்த உணவைத் திறந்த குழியில் போட்டால் எலி வரும்.

வெந்நீர். 100 லிட்டரை 25 டிகிரியிலிருந்து 60-க்கு ஏற்ற 4 யூனிட் மின்சாரம். குடிலுக்குள் இதைவிடப் பெரிய செலவு, ஏசி இருந்தால் தவிர, அநேகமாக இல்லை. சோலார் ஹீட்டர் அல்லது ஹீட் பம்ப் (சுற்றியுள்ள காற்றின் வெப்பத்தை இழுத்து நீரைக் காய்ச்சும் கருவி) வையுங்கள். பின்னது சாதாரண கீசரில் மூன்றில் ஒரு பங்கு மின்சாரம்தான் எடுக்கும். மிச்சப்படுத்துகிறேன் என்று 45 டிகிரியில் தேக்கி வைப்பது ஆபத்து, லெஜியோனெல்லா என்ற பாக்டீரியா வெதுவெதுப்பான தேங்கிய நீரில் வளரும். தேக்கம் 60 டிகிரி, குழாயில் வெப்பம் குறைக்கும் கலவை வால்வு. காலி நாட்களில் ஹீட்டரை அணைக்கலாம், ஆள் வருவதற்கு முன் மறுபடி 60-க்குக் கொண்டுபோய் எல்லாக் குழாயையும் சில நிமிடம் திறந்துவிடுங்கள்.

ஷவரை வாளி வைத்து அளக்கலாம். 10 லிட்டர் வாளி 40 நொடியில் நிறைந்தால் நிமிடத்துக்கு 15 லிட்டர், அதை 8-க்குக் கொண்டுவர வேண்டும். மேல்நிலைத் தொட்டி 3 மீட்டர் உயரத்தில் இருந்தால் அழுத்தம் 0.3 பார்தான். காற்று கலக்கும் சிக்கன ஷவர் அதில் சொட்டும், விருந்தினர் திட்டுவார். குறைந்த அழுத்தத்துக்கென்று வரும் தலையைக் கேட்டு வாங்குங்கள்.

நல்ல வெயில் இடத்தில் சோலார் பலகை 1 கிலோவாட்டுக்கு நாளொன்றுக்கு ஏறக்குறைய 4 யூனிட் தரும். காலி நாட்களில் வரும் மின்சாரத்தைப் பெரிய பேட்டரியில் அடைக்கப் பார்க்காதீர்கள், பம்பை ஓட்டித் தண்ணீராக மேலே ஏற்றுங்கள். ஏசியே கூடாது என்று நான் சொல்வதாக யாரும் சண்டைக்கு வரவேண்டாம். கூரைக்கு வெள்ளைப் பூச்சு, எதிரெதிர் ஜன்னல், அகலமான இறவாரம், 30 வாட்டில் ஓடும் பிஎல்டிசி வகைச் சிக்கன மின்விசிறி, இவ்வளவும் செய்த பிறகு தேவையா என்று பாருங்கள் என்கிறேன்.

குறைந்தது இரண்டு இரவு என்று விதி வைத்தால் துணி வெளுப்பது கிட்டத்தட்ட பாதியாகும். விருந்தினரின் நாயை மாட்டுத் தீவனம் பக்கம் விடாதீர்கள், நாயின் மலம் வழியாக நியோஸ்போரா என்ற ஒட்டுண்ணி பரவி மாடுகளுக்குக் கருச்சிதைவு ஆகலாம். கன்றுக்குட்டியைத் தொட்ட குழந்தைகள் கை கழுவ, தொழுவத்து வாசலிலேயே குழாயும் சோப்பும் வேண்டும்.

கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், இருந்தாலும் சொல்லிவிடுகிறேன். இந்தப் பசுமை முத்திரை வழங்குகிறவர்களில் சிலர், துண்டை மறுபடி பயன்படுத்தச் சொல்லி அட்டை மாட்டியிருக்கிறீர்களா என்று கேட்பார்கள், கழிவறைத் தண்ணீர் எங்கே போகிறது என்று கேட்கமாட்டார்கள். விருந்தினர் வரும் வழியைப் பற்றியும் பேச்சு இருக்காது. 1 லிட்டர் பெட்ரோல் எரிந்தால் 2.3 கிலோ கரியமில வாயு. 10 லிட்டர் எரித்து வருகிறவருக்கு மூங்கில் பிரஷ் கொடுத்து என்ன ஆகப்போகிறது? பக்கத்து ரயில் நிலையத்திலிருந்து அழைத்துவர ஒரு வண்டி ஏற்பாடு செய்யுங்கள், முத்திரை கிடைக்காவிட்டாலும் பரவாயில்லை.

குடிலுக்குக் குடில் தனித் தண்ணீர் மீட்டரும் மின் மீட்டரும் வைத்து, ஆள் போனதும் குறித்து வையுங்கள். காலியாக இருக்கும் குடிலில் தண்ணீர் மீட்டர் ஓடினால் ஃப்ளஷ் தொட்டியில்தான் முதலில் சந்தேகம். ஃப்ளஷ் தொட்டியில் கொஞ்சம் நிறப்பொடியைக் கலந்து 15 நிமிடம் விடுங்கள், கோப்பைக்குள் நிறம் தெரிந்தால் அடி வாஷரை மாற்ற வேண்டும்.