லா அண்ட் ஆர்டர் என்ற அமெரிக்கக் குற்ற-நீதிமன்றத் தொடரில் இத்தனை நடிகர்கள் மாறியும் கதை ஏன் குலையவில்லை? எந்த சீசனிலிருந்து பார்க்கலாம்?

1994-ல் வந்த ஐந்தாவது சீசனில் தொடங்குங்கள். துப்பறிவாளர் பிரிஸ்கோவாக ஜெரி ஆர்பாக், அரசு வழக்கறிஞர் மெக்காயாக சாம் வாட்டர்ஸ்டன், இருவரும் முதன்முதலாகச் சேர்வது அங்கேதான். முதல் நான்கு சீசன்களைப் பிறகு பார்த்தாலும் ஒன்றும் குழம்பாது. ஏன் என்பதில்தான் உங்கள் முதல் கேள்விக்கான பதிலும் இருக்கிறது.

நியூயார்க்கில் நடக்கும் இந்தத் தொடர் 1990 முதல் 2010 வரை 20 சீசன், 456 எபிசோடு ஓடியது. 2022-ல் மறுபடி தொடங்கியது. தொடரை உருவாக்கிய டிக் உல்ஃப் இதை ஆட்களை நம்பி எழுதவில்லை, ஆறு நாற்காலிகளை நம்பி எழுதினார். ஒவ்வொரு எபிசோடிலும் முதல் பாதியில் மூத்த துப்பறிவாளர், இளையவர், அவர்களுடைய மேலதிகாரி. பின்பாதியில் வாதாடும் அரசு வழக்கறிஞர், உதவியாளர், மேலே டிஸ்ட்ரிக்ட் அட்டர்னி, அதாவது தலைமை அரசு வழக்கறிஞர். நாற்காலிக்கு வேலை உண்டு, வீட்டுக்கதை கிடையாது. பிரிஸ்கோ குடியை விட்டவர், இரண்டு முறை விவாகரத்தானவர் என்பதெல்லாம் விசாரணைக்கு நடுவே போகிற போக்கில் காதில் விழும், அவ்வளவுதான். பிணத்தைப் பார்த்துவிட்டு அவர் ஒரு நக்கல் அடிப்பார், உடனே டைட்டில் வந்துவிடும். அதனால் ஆள் போனால் ஒரு குரல்தான் போகும், வழக்கு நிற்காது.

புது ஆளைப் பிடிப்பதிலும் ஒரு வழக்கம் இருந்தது. சின்ன வேடத்தில் வந்து நன்றாகச் செய்தவரையே பின்னால் நிரந்தரமாக்குவார்கள். ஆர்பாக் இரண்டாவது சீசனில் எதிர்த்தரப்பு வக்கீல். துப்பறிவாளர்களின் மேலதிகாரி லெப்டினன்ட் வான் பியூரனாக 17 சீசன் இருந்த எபதா மெர்க்கர்சன், முதல் சீசனில் பலியான குழந்தையின் தாய். ஜெரமி சிஸ்டோவும் இப்படித்தான், வக்கீலாக வந்துபோய் அடுத்த சீசனிலேயே துப்பறிவாளர் லூப்போ ஆனார். பழைய எபிசோடில் தெரிந்த முகம் வேறு பெயரில் வந்தால் தலையைப் பிய்த்துக்கொள்ள வேண்டாம்.

எல்லா மாற்றமும் நோகாமல் நடந்துவிடவில்லை. மூன்றாவது சீசன் முடிவில், பெண் பாத்திரங்கள் வேண்டும் என்று தொடரை ஒளிபரப்பிய என்பிசி நெருக்கியதால், மேலதிகாரியாக நடித்த டேன் ஃப்ளோரெக், உதவி வழக்கறிஞராக நடித்த ரிச்சர்ட் புரூக்ஸ் இருவரையும் ஒரே நேரத்தில் நீக்கினார்கள். புரூக்ஸின் ராபினெட் பிறகு எதிர்த்தரப்பு வக்கீலாகத் திரும்பி வந்தார். அவர் வந்தாலே நீதிமன்றக் காட்சிக்குத் தனிக் காரம். ஃப்ளோரெக்கின் கிரேகன் 1999-ல் கிளைத்தொடரான எஸ்வியுவில் கேப்டனாக உட்கார்ந்தார். 2004-ல் ஆர்பாக் விலகியதைத்தான் என்னால் சாதாரண மாற்றமாகச் சொல்ல முடியாது. அவர் இடத்துக்கு வந்த டெனிஸ் ஃபரீனா நல்ல நடிகர். ஆனாலும் அந்த நக்கல் அவர் வாயில் வரவில்லை.

வரிசையாகப் பார்ப்பவர்கள் தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. 1996, 1997, 1999-ல் ஹோமிசைட் என்ற பால்டிமோர் போலீஸ் தொடருடன் இணைந்த கதைகள் வந்தன. வழக்கு இங்கே தொடங்கி அங்கே முடியும். இதை மட்டும் பார்த்தால் பாதியில் அறுந்தது போல இருக்கும். அந்த மூன்றுக்கும் ஹோமிசைட்டின் மறுபாதியைத் தேடி வைத்துக்கொண்டு உட்காருங்கள்.