தண்டனை ஒரு கழித்தல் குறியா?

அன்புள்ள ஐயா,

விளைவுகளிலிருந்து எப்படிக் கற்கிறோம் என்பதைக் கணக்காகச் சொல்லும் ரெஸ்கோர்லா–வாக்னர் சூத்திரம் பற்றி எழுதியிருந்தீர்கள். பரிசுக்குக் கூட்டல், தண்டனைக்குக் கழித்தல், அவ்வளவுதானா வித்தியாசம்? திட்டினால்தான் என் பையன் அடுத்த முறை கணக்கை ஒழுங்காகப் போடுகிறான். இது எந்தச் சூத்திரத்தில் வரும்?

கே.

அன்புள்ள கே.,

சூத்திரத்தின் அளவில் ஏறக்குறைய அவ்வளவுதான். 1972-ல் வந்த அந்தக் கணித மாதிரியைச் சுருக்கினால்: கிடைத்ததற்கும் எதிர்பார்த்ததற்கும் உள்ள இடைவெளியில் ஒரு பங்கை ஒவ்வொரு முறையும் பழைய மதிப்பீட்டோடு சேர்க்க வேண்டும். பங்கு 0.2, பரிசு 10 என்றால் மதிப்பீடு 0, 2, 3.6, 4.88 என ஏறும். பரிசு மாறவில்லை, எதிர்பார்ப்பு கூடக் கூட ஏற்றம் சிறுக்கிறது. −10 போட்டால் இதே கணக்கு கீழ்நோக்கிப் போகும்.

வித்தியாசம் அதற்கு அப்புறம் வருகிறது. இரண்டு பொத்தான்கள் என்று வையுங்கள். ஒன்று எப்போதும் 1 தரும். மற்றது சராசரியாக 4 தரும், ஆனால் சில சமயம் −10. எடுத்த எடுப்பில் இரண்டு முறை −10 விழுந்தால் மதிப்பீடு −3.6. இனி யார் அந்தப் பக்கம் போவார்கள்? போகாததால் −3.6 தப்பு என்பதும் கடைசிவரை தெரியாது. மாறாக, ஆரம்பத்தில் அதிர்ஷ்டம் அடித்திருந்தால் திரும்பத் திரும்ப அழுத்துவோம். மிகை மதிப்பீடு தானே இறங்கிவிடும். டென்ரெல், மார்ச் என்ற இரு ஆய்வாளர்கள் 2001-ல் இதற்கு ‘சூடான அடுப்பு விளைவு’ என்று பெயர் வைத்தார்கள். நம் பழமொழியின் சூடுகண்ட பூனையேதான்.

மூளையிலும் வெறும் குறிமாற்றம் நடப்பதாகத் தெரியவில்லை. 2004-ல் மைக்கேல் ஃபிராங்க் குழு பார்க்கின்சன் நோயாளிகளைச் சோதித்தது. மருந்து எடுக்காதபோது கெட்ட விளைவுகளிலிருந்தும், எடுத்தபோது நல்ல விளைவுகளிலிருந்தும் அவர்கள் நன்றாகக் கற்றார்கள். இன்று பல மாதிரிகளில் இரண்டுக்கும் தனித்தனிக் கற்றல் வேகம் (மேலே 0.2 என்று வைத்த பங்கு) வைக்கிறார்கள்.

பையன் விஷயம் வேறு. மிக மோசமாகப் போட்ட நாளில்தானே திட்டுகிறீர்கள்? அப்படிப்பட்ட நாளுக்கு அடுத்த நாள், திட்டாவிட்டாலும் பெரும்பாலும் கொஞ்சம் மேலாகத்தான் இருக்கும். இஸ்ரேல் விமானப் பயிற்சியாளர்களும் இப்படித்தான் ஏமாந்தார்கள் என்று உளவியலாளர் டேனியல் கானமன் எழுதியிருக்கிறார். சந்தேகமிருந்தால் மோசமான நாட்களில் நாணயத்தைச் சுண்டுங்கள். பூ விழுந்தால் திட்டுங்கள், தலை விழுந்தால் சும்மா இருங்கள். இரண்டு வகையிலும் அடுத்த நாள் எத்தனை கணக்கு சரி என்று தனித்தனியே குறித்து வந்து எனக்கு எழுதுங்கள்.