நன்றாக இருந்த கைக்குழந்தை தூக்கத்திலேயே இறந்துபோவது நோய் எதிர்ப்புச் சக்தி குறைவதாலா?

கேள்வி கேட்டவர் தன் பெண்ணுக்கு இப்போது மூன்று மாதம் என்றும், இதைப் பற்றி எங்கோ படித்ததிலிருந்து இரவெல்லாம் குழந்தையின் மூக்கருகே விரலை வைத்துப் பார்த்துக்கொண்டிருப்பதாகவும் எழுதியிருக்கிறார். என் சித்தி மகளும் தன் இரண்டாவது குழந்தைக்கு ஏழெட்டு மாதம் வரை அப்படித்தான் செய்துகொண்டிருந்தாள். அவளுடைய முதல் குழந்தை எழுபத்திரண்டாம் நாள் விடிகாலையில் கண் விழிக்கவில்லை.

நான் மருத்துவர் இல்லை. ஒரு மருத்துவமனையின் நுண்ணுயிரியல் ஆய்வகத்தில் 26 வருடம் லேப் டெக்னீஷியனாக இருந்து ஓய்வு பெற்றவள். அந்த மரணத்துக்குப் பிறகு கையில் கிடைத்ததையெல்லாம் படித்தேன். என் பதில்: நோய் எதிர்ப்பு மண்டலத்துக்கு இதில் பங்கு இருப்பதாக நினைக்க நல்ல காரணங்கள் உண்டு. ஆனால் 'குறைவு' என்ற சொல்லை மட்டும் நான் ஏற்கமாட்டேன்.

முதலில் ஒன்று. தூக்கத்தில் நேரும் எல்லாக் குழந்தை மரணமும் 'சிட்ஸ்' (SIDS, காரணம் தெரியாத திடீர்க் கைக்குழந்தை மரணம்) ஆகாது. 1969-இல் அமெரிக்காவின் சியாட்டிலில் கூடிய மாநாட்டில்தான் இப்படி ஒரு தனி வகை வரையறுக்கப்பட்டது. பிரேதப் பரிசோதனை செய்து, குழந்தை இறந்துகிடந்த இடத்தை ஆராய்ந்து, முந்தைய உடல்நிலையையும் விசாரித்து, அதன் பிறகும் காரணம் பிடிபடவில்லை என்றால்தான் இந்தப் பெயர். எங்கள் வீட்டில் பிரேதப் பரிசோதனைக்கு யாரும் சம்மதிக்கவில்லை. ஆகவே அந்தக் குழந்தைக்கு இந்தப் பெயரைக்கூட நான் கொடுக்க முடியாது. மாமியார் வீட்டில் 'சளியோடு தலைக்கு ஊற்றிவிட்டாள்' என்றார்கள். ஊரில் தோஷம் என்றார்கள்.

இனி வயதைப் பாருங்கள். இந்த மரணங்கள் பிறந்த முதல் வாரங்களில் உச்சத்துக்குப் போவதில்லை. இரண்டு முதல் நான்கு மாதத்துக்குள்தான் அதிகம் நிகழ்கின்றன. பத்தில் ஒன்பது ஆறு மாதத்துக்கு முன்பே நடந்துவிடுகின்றன. குழந்தை பிறக்கும்போது, தாயின் ஐஜிஜி வகை எதிர்ப்பொருள்கள் (கிருமிகளை எதிர்க்கும் புரதங்கள்) நஞ்சுக்கொடி வழியாக வந்து அதன் ரத்தத்தில் நிறைந்திருக்கும். தாய் வீட்டுச் சீர் மாதிரி. அதிலும் பெரும்பகுதி கர்ப்பத்தின் கடைசி மூன்று மாதங்களில்தான் வந்து சேரும். குறைமாதக் குழந்தைக்குச் சீர் குறைவு. அவர்களுக்கு ஆபத்து அதிகம் என்பதும் உண்மைதான். பிறந்த பிறகு இந்தச் சீர் கரைந்துகொண்டே போகும். குழந்தை சொந்தமாகச் சம்பாதிக்கத் தொடங்குவதோ மெதுவாக. மூன்றாவது மாதத்தை ஒட்டி வரவும் இருப்பும் இரண்டுமே தாழ்ந்த ஓர் இடைவெளி வருகிறது. இது எல்லாக் குழந்தைக்கும் வருவது, நோயல்ல. கோடிக்கணக்கான குழந்தைகள் ஒரு தும்மலோடு இதைக் கடந்துவிடுகிறார்கள்.

சிட்ஸில் இறந்த குழந்தைகளில் கிட்டத்தட்ட பாதிப் பேருக்கு முந்தைய சில நாட்களில் லேசான சளியோ இருமலோ இருந்திருக்கிறது. ஆனால் கொல்லக்கூடிய நிமோனியாவோ மூளைக்காய்ச்சலோ பரிசோதனையில் தெரிவதில்லை. அப்படியானால் சாதாரணச் சளி எப்படிக் கொல்லும்?

இங்கே என் மேஜைக்கு வருகிறேன். ஸ்டெஃபிலோகாக்கஸ் ஆரியஸ் என்ற கிருமியை, கிருமி வளர்க்கும் ஆயிரக்கணக்கான தட்டுகளில் பார்த்திருக்கிறேன். ரத்தம் கலந்த அகார் கூழ்த் தட்டில் மறுநாள் காலை பொன்மஞ்சளாகப் பொட்டுப் பொட்டாக முளைத்திருக்கும், சுற்றிலும் ரத்தம் கரைந்து வெளிறிய வளையம். இதே கிருமிதானா என்று உறுதிசெய்ய, முயல் பிளாஸ்மாவில் (ரத்தத்தின் நீர்ப்பகுதி) ஒரு துளி கலந்து வைத்தால் சில மணி நேரத்தில் திரவம் உறைந்துவிடும். குழாயைச் சாய்த்தாலும் அசையாது. இறந்த குழந்தையின் தொண்டைச் சளியில் இது வளர்ந்தால் என்ன எழுதுவது? ஆரோக்கியமான கைக்குழந்தைகள் பலரின் மூக்கிலும் இது குடியிருக்கிறது. 'ஸ்டெஃபிலோகாக்கஸ் ஆரியஸ் வளர்ந்துள்ளது' என்று எழுதிக் கையெழுத்துப் போடுவதோடு என் வேலை முடிந்தது. அது குற்றவாளியா குடித்தனக்காரனா என்பதைத் தட்டு சொல்லாது.

இந்தக் கிருமியின் சில வகைகள் நச்சுப்புரதம் சுரக்கும். அதுவும் 37 டிகிரிக்கு மேல்தான் நன்றாகச் சுரக்கும். மூக்கின் உட்புறம் வழக்கமாக அவ்வளவு சூடாக இருப்பதில்லை. குப்புறப் படுத்து, மூக்கும் அடைத்து, போர்வையும் போட்டால் சூடாகலாம். அந்த நச்சைத் தடுக்கும் எதிர்ப்பொருள் தீர்ந்த மாதமும் சேர்ந்துகொண்டால்? பிரிட்டனில் 1980-களிலிருந்து பேசப்படும் கருத்து இது. அழகாகப் பொருந்துகிறது, நிரூபணம் ஆகவில்லை. அழகாகப் பொருந்துவதைக் கண்டால் எனக்குச் சற்றுப் பயம்தான்.

என்னை அதிகம் யோசிக்க வைத்தது நார்வேயின் ஆஸ்லோவில் 1990-களில் கண்டது. சிட்ஸில் இறந்த குழந்தைகளின் மூளைத் தண்டுவட நீரில் இன்டர்லூக்கின்-6 என்ற அழற்சிச் சமிக்ஞைப் பொருளை அளந்தார்கள். ஏறத்தாழ பாதிப் பேருக்கு, கடும் தொற்றில் இறந்த குழந்தைகளுக்கு இணையாக அது இருந்தது. அதாவது எதிர்ப்புப் படை தூங்கவில்லை. சின்னச் சளிக்குப் பெரிய போர் முரசு கொட்டியிருக்கிறது. இவ்வகைப் பொருள்கள் சில, மூளைத்தண்டில் மூச்சையும் விழிப்பையும் பார்த்துக்கொள்ளும் இடத்தை மந்தமாக்கக்கூடியவை. மூச்சு தடைபட்டால் நாம் திணறி எழுந்துவிடுவோம். அந்தக் குழந்தை எழவில்லை.

இங்கிலாந்தில் சாலி கிளார்க் என்ற வழக்குரைஞருக்கு நடந்ததையும் சொல்ல வேண்டும். 1996 டிசம்பரில் முதல் மகன் 11 வாரத்தில் இறந்தான். சுவாசத் தொற்று என்று சான்றிதழ் கொடுத்தார்கள். 1998 ஜனவரியில் இரண்டாவது மகன் 8 வாரத்தில் இறந்ததும் இரண்டையும் கொலை என்றார்கள். ஒரே வீட்டில் இப்படி இரண்டு நேர்வது 7.3 கோடியில் ஒரு வாய்ப்பு என்று ராய் மெடோ என்ற குழந்தை மருத்துவப் பேராசிரியர் சாட்சி சொன்னார். ஒரு மரணத்துக்கு 8,543-இல் ஒரு வாய்ப்பு என்று வைத்து, 8,543-ஐ 8,543-ஆல் பெருக்கிய கணக்கு. ஒரே வீடு, ஒரே பெற்றோர் என்பதே அதில் இல்லை. 1999-இல் ஆயுள் தண்டனை. எல்லோரும் அந்த எண்ணைப் பற்றித்தான் பேசுகிறார்கள். எனக்கு நெஞ்சு அடைத்தது ஆய்வக அறிக்கையைப் படித்தபோது. இரண்டாவது குழந்தையின் தண்டுவட நீர் உட்பட்ட மாதிரிகளில் இதே ஸ்டெஃபிலோகாக்கஸ் வளர்ந்திருந்தது. அது சாலியின் தரப்புக்குக் காட்டப்படவே இல்லை. 2003 ஜனவரியில் தீர்ப்பு ரத்தானது. கிருமிதான் கொன்றது என்று நீதிமன்றம் சொல்லவில்லை. ஜூரிகள் கேட்டிருக்க வேண்டிய ஒன்றைக் கேட்கவில்லை என்றது. சாலி 2007-இல் இறந்துபோனார்.

எதிர்ப்பு மண்டலம் மட்டுமே காரணம் என்பவர்களிடம் நான் கேட்பது இதைத்தான். 1991 இறுதியில் பிரிட்டனில் 'குழந்தையை மல்லாக்கப் படுக்க வையுங்கள்' என்று பிரசாரம் தொடங்கிய சில ஆண்டுகளில் மரணங்கள் பாதிக்கும் கீழே விழுந்தன. குழந்தைகளின் ரத்தம் அந்தச் சில ஆண்டுகளில் மாறிவிடவில்லை. ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியாவிலிருந்து 1993-இல் வந்த ஆய்வு இரண்டையும் இணைக்கிறது: குப்புறப் படுப்பதன் ஆபத்து, குழந்தைக்கு அண்மையில் உடம்பு சரியில்லாமல் இருந்தாலோ, துணியில் இறுக்கிச் சுற்றியிருந்தாலோ, இன்னும் ஏறுகிறது. 'சளி கட்டியிருக்கிறது, குப்புறப் போடு, வெளியே வந்துவிடும்' என்று சொல்லும் பாட்டிகளிடம் இதை மரியாதையோடு மறுத்துவிடுங்கள்.

தடுப்பூசியைக் கேட்காமலிருக்க மாட்டீர்கள். நம் நாட்டில் ஆறு, பத்து, பதினான்காம் வாரங்களில் ஊசி. அதாவது இந்த மரணங்கள் உச்சத்துக்கு ஏறும் அதே காலம். ஊசியே இல்லாவிட்டாலும் இவற்றில் சில ஊசித் தேதியை ஒட்டி நிகழத்தான் செய்யும். பல ஆய்வுகளைத் தொகுத்த 2007-ஆம் ஆண்டு ஆய்வில் ஊசி போட்ட குழந்தைகளுக்கு ஆபத்து பாதிதான் இருந்தது. உடம்பு முடியாத குழந்தைக்கு ஊசியைத் தள்ளிப்போடுவார்கள் என்பதால் அந்தப் 'பாதி'யை அப்படியே நம்ப வேண்டாம். ஆனால் ஊசி ஆபத்தைக் கூட்டுகிறது என்பதற்கு அங்கே இடமே இல்லை.

சித்தி மகள் ஒரு நாள் போனில் கேட்டாள்: "அக்கா, சளி இருந்ததே, நான் கவனிக்காமல் விட்டுவிட்டேனா?" அந்த மாதத்தில் சளி இல்லாத குழந்தை நம் தெருவிலேயே எத்தனை இருந்தது என்று எண்ணிச் சொல்லச் சொன்னேன். சற்று நேரம் பேசாமலிருந்தாள். பிறகு, "ஒன்றுகூட இல்லை" என்றாள்.

உங்கள் பெண்ணுக்கு: மல்லாக்கப் படுக்க வையுங்கள், கெட்டியான படுக்கையில், தலையணை இல்லாமல். அதிகம் போர்த்த வேண்டாம். வீட்டில் யாரும் புகைபிடிக்கக் கூடாது. தாய்ப்பால் கொடுக்க முடிந்தால் கொடுங்கள். இரண்டு மாதம் கொடுத்தாலே ஆபத்து ஏறக்குறைய பாதியாகிறது. பதினான்காம் வார ஊசி பாக்கி என்றால் போட்டுவிடுங்கள். காய்ச்சல் வந்தாலோ, பால் குடிக்க மறுத்தாலோ, மூச்சு விடும்போது விலா உள்ளே இழுத்தாலோ விடியட்டும் என்று காத்திருக்காமல் மருத்துவமனைக்குப் போங்கள்.