பெல் பாட்டிஞ்சரும் வக்கீல் வாதமும் – ஒரு கடிதம்

வணக்கம் சார்,

தென்னாப்பிரிக்காவுல அதிபருக்கு நெருக்கமா இருந்த குப்தா சகோதரர்கள்ங்கற தொழிலதிபர்களுக்காக மறைமுகமா பிரச்சாரம் பண்ணி, கடைசில மூடிப்போன லண்டன் பிஆர் (மக்கள் தொடர்பு) கம்பெனி பெல் பாட்டிஞ்சரைக் கண்டிச்சு நீங்க எழுதினதைப் படிச்சேன். நானும் பிஆர் லைன்ல இருக்கறவன்தான், அதனால வருத்தமா இருந்துச்சு. கொலை கேஸ்ல மாட்டினவனுக்குக்கூட வக்கீல் உண்டு, அப்ப குப்தா சகோதரர்களுக்கு ஒரு கம்பெனி வேலை பார்த்தது மட்டும் எப்படி தப்பாகும்? எல்லாரும் பண்றதைத்தான் பண்ணாங்க, இவங்க மாட்டிக்கிட்டாங்க, அவ்வளவுதானே?

ஒரு வாசகர், கோவை

அன்புள்ள நண்பருக்கு,

க்ளையன்ட் யாருங்கறதை வச்சு நான் அவங்களைக் குத்தம் சொல்லல. அப்படிச் சொல்றதா இருந்தா லிஸ்ட் பெருசு, சிலியோட சர்வாதிகாரி பினோஷே தரப்பு, பெலாரஸ் அதிபர் லுகாஷென்கோ, அப்போதைய சிரியா அதிபர் மனைவி அஸ்மா அல் அசாத்னு போய்க்கிட்டே இருக்கும், பிரிட்டிஷ் பிரதமரா இருந்த தாட்சருக்கு தேர்தல் விளம்பரம் செஞ்சு பேர் வாங்கின டிம் பெல் இந்த லண்டன் கம்பெனியை வளர்த்த விதம் அது. அவங்களுக்கும் தங்களோட தரப்பைச் சொல்ல ஆள் வச்சுக்க உரிமை உண்டுன்னே வச்சுக்குவோம்.

ஆனா வக்கீல் வக்காலத்து போட்டுட்டுத்தான் வாயைத் திறப்பார். யாருக்காகப் பேசறார்னு கோர்ட்ல எல்லாருக்கும் தெரியும், எதிர்ல இன்னொரு வக்கீல் இருப்பார், பொய் சொன்னா கேக்க ஜட்ஜ் இருப்பார். இங்க இந்த மூணுல எது இருந்துச்சு சொல்லுங்க?

2016 ஜனவரில குப்தா குடும்பத்தோட ஓக்பே கம்பெனிக்கு மாசம் 1 லட்சம் பவுண்டுக்கு வேலை எடுத்தாங்க. சஹாரன்பூர்ல இருந்து தென்னாப்பிரிக்கா போய் அப்போதைய அதிபர் ஜூமாவுக்கு நெருக்கமான குடும்பம், மந்திரி பதவியையே அவங்க வீட்ல வச்சுப் பேசறாங்கன்னு அந்த வருஷமே புகார் வெடிச்சுது. நாடே அதைக் கேட்டுக்கிட்டிருக்கறப்போ, பொருளாதார நிறவெறி, வெள்ளை ஏகபோக முதலாளிங்கதான் உண்மையான எதிரின்னு ஒரு பிரச்சாரத்தை ஜனங்களே எழுப்பற குரல் மாதிரி இந்தக் கம்பெனி கிளப்பி விட்டுச்சு. ஆளுங்கட்சி இளைஞர் அணித் தலைவர் பேச்சுக்குக்கூட லண்டன்ல இருந்து பாயிண்ட்ஸ் போச்சுன்னு 2017-ல லீக்கான ஈமெயில்களை வச்சு செய்தி வந்துச்சு.

என்னால தாங்கவே முடியாத விஷயம் இதுதான். அந்த ஏற்றத்தாழ்வு பொய் இல்ல. 1994-ல நிறவெறி ஆட்சி முடிஞ்சும் நிலமும் பெரிய கம்பெனிகளும் பெரும்பாலும் வெள்ளையர் கையிலயே இருந்துச்சு, டவுன்ஷிப்ல, அதாவது நிறவெறி ஆட்சி கறுப்பர்களை ஒதுக்கி வச்ச குடியிருப்புகள்ல இருக்கற இளைஞனுக்கு வேலை இல்ல, அவன் கோபம் நூத்துக்கு நூறு நியாயமானது. அந்தக் கோபத்தை எடுத்து ஒரு பணக்காரக் குடும்பத்தைக் காப்பாத்தற கேடயமா ஆக்கினாங்க, அதுக்கப்புறம் அந்த நாட்ல யாராவது உண்மையிலேயே அந்த அநியாயத்தைப் பத்திப் பேசினா இதெல்லாம் குப்தா ஆளுங்க கிளப்பினதுதானேன்னு ஒரே வார்த்தையில வாயை அடைச்சுடலாம்னு ஆயிடுச்சு. ஏழைகிட்ட இருந்த ஒரே வாதத்தையும் கெடுத்துட்டுப் போயிட்டாங்க, இதை எந்தக் கணக்குல சேர்ப்பீங்க?

அவங்க மாட்டிக்கிட்டாங்கன்னு எழுதியிருக்கீங்க. குப்தா விஷயத்துலதான் முதல்முறையா மாட்டினாங்கன்னு நினைக்காதீங்க. 2011-லயே உஸ்பெக் பருத்தித் தொழில் தரப்பு ஆளுங்க மாதிரி போன நிருபர்கள்கிட்ட கூகுள் தேடல்ல வர்றதை மாத்தலாம், விக்கிபீடியாவை சரி பண்ணலாம்னு பெருமையா சொன்னது பதிவாயிடுச்சு, ஒண்ணும் ஆகல. ஈராக்ல அமெரிக்க ராணுவத் தலைமையகமான பெண்டகனுக்காக 50 கோடி டாலருக்கு மேல வேலை செஞ்சதும், அதுல அரபு சேனல் செய்தி மாதிரியே வீடியோ தயாரிச்சதும் 2016-ல வெளிய வந்துச்சு, அப்பவும் ஒண்ணும் ஆகல. தென்னாப்பிரிக்காவுல ஜனங்க தெருவுக்கு வந்து, அப்போ எதிர்க்கட்சியா இருந்த டெமாக்ரடிக் அலையன்ஸ் லண்டனுக்கே புகார் அனுப்பினப்புறம்தான் 2017 செப்டம்பர் 4-ம் தேதி பிஆர்சிஏங்கற பிரிட்டன் பிஆர் கம்பெனிகளோட சங்கம் அவங்களை வெளியேத்துச்சு, க்ளையன்ட்ஸ் ஒவ்வொருத்தரா கழண்டுக்கிட்டாங்க, 12-ம் தேதி கம்பெனி திவால் நிர்வாகத்துக்குப் போயிடுச்சு. இதுல சம்பந்தமே இல்லாம ஏதோ ஒரு சோப்பு கம்பெனிக்கு பிரஸ் நோட் எழுதிக்கிட்டிருந்த பசங்களுக்கும் சேர்த்துத்தான் வேலை போச்சு.

எல்லாரும் பண்றாங்கங்கறதை நான் ஒத்துக்கல. க்ளையன்ட் பேரைப் போட்டு, விவரத்தை சரிபார்த்து, நிருபர் கேட்டா பதில் சொல்ற பிஆர்காரங்களை எனக்குத் தெரியும், நீங்களும் அப்படித்தான் வேலை பாக்கறீங்கன்னு நம்பறேன். அப்படின்னா பெல் பாட்டிஞ்சருக்காக வருத்தப்படாதீங்க, அவங்க உங்க தொழிலுக்குச் செஞ்சதுக்காகக் கோபப்படுங்க.

அன்புடன்