வலியில்லாத கட்டியைக் கண்டால் காத்திருக்கலாமா?

கேள்வி: எனக்கு வயது 44. இடது மார்பில் சிறு கட்டி ஒன்று தட்டுப்படுகிறது. வலி சிறிதும் இல்லை. வலி வந்தபின் மருத்துவரைப் பார்த்தால் போதுமா?
– வாசகி, திண்டுக்கல்

பதில்: காத்திருக்க வேண்டாம், சகோதரி, இந்த வாரமே செல்லுங்கள். மார்பகப் புற்றுநோய்க் கட்டி தொடக்கத்தில் பெரும்பாலும் வலிப்பதில்லை. அதனாலேயே, வலி இல்லாததை நலத்தின் அடையாளமாகக் கொண்டு மாதக்கணக்கில் தள்ளிப்போடும் பெண்களை நினைக்கையில் மனம் வருந்துகிறது. மார்பில் தோன்றும் கட்டிகளில் பெரும்பாலானவை புற்றுநோய் அல்ல என்பது உண்மை. ஆயினும் அதைக் கையால் தடவிப் பார்த்து மட்டும் எவரும் உறுதிசெய்ய முடியாது.

தோல் ஆரஞ்சுப் பழத்தோல் போலத் தடித்துக் குழிவிழுதல், முன்பு இயல்பாக இருந்த காம்பு உள்ளிழுத்துக்கொள்ளுதல், ஒரு காம்பிலிருந்து மட்டும் இரத்தம் கலந்த நீர் கசிதல், காம்பில் செதில் உதிரும் ஆறாத புண், அக்குளில் கட்டி ஆகியவற்றுள் எதைக் கண்டாலும், மார்பில் கட்டி தட்டுப்படாவிட்டாலும்கூட, மருத்துவரிடம் காட்டிவிட வேண்டும்.

மருத்துவர் பரிசோதித்தபின் மேமோகிராம் எனப்படும் மார்பக எக்ஸ்ரே, அல்ட்ராசவுண்ட் ஆகியவற்றையும், ஐயம் இருந்தால் ஊசிவழித் திசுப் பரிசோதனையையும் பரிந்துரைப்பார். ஊசி குத்தினால் நோய் பரவிவிடும் என்று அக்கம்பக்கத்தில் சொல்வதை நம்பி அதை மறுத்துவிடாதீர்கள். எந்தச் சிகிச்சை தேவை என்பது அந்தத் திசுவின் தன்மையை வைத்தே முடிவாகிறது.