தேவாலயத்துக்குக் கூப்பிடுகிறார்கள், போகலாமா?

தம்பி, உங்கள் கேள்வி புரிந்தது. இந்த நாட்டுக்கு வந்து நான்கு மாதம்தான் ஆகிறது. பக்கத்து வீட்டு அம்மா, தங்கள் தேவாலயக் கூடத்தில் புதன்கிழமைதோறும் இந்த ஊர் மொழியைப் பேசிப் பழக நடக்கும் வகுப்புக்கு உங்களையும் மனைவியையும் கூப்பிடுகிறார். நீங்கள் இந்துக்கள். போனால் மதம் மாறச் சொல்வார்களோ என்று பயம், போகாவிட்டால் அவர் மனம் நோகுமோ என்று சங்கடம்.

போங்கள். நானும் இந்துதான். 19 வருடமாக அப்படி ஒரு கூடத்துக்குப் போய் வருகிறேன், இன்றும் இந்துதான்.

மதமாற்றப் பயத்தை மனசுக்குள் வைத்துக்கொண்டு உட்கார்ந்தால் யாரோடும் பழக முடியாது. முதல் நாளே கேட்டுவிடுங்கள்: "இது மொழி வகுப்பா, உங்கள் விசுவாசத்தைப் பற்றிய வகுப்பா?" நான் கேட்டபோது யாரும் முகம் சுளிக்கவில்லை. 'ஆல்ஃபா' என்ற பெயரில் கூப்பிட்டால் மட்டும் தெரிந்துகொண்டு போங்கள். அது கிறிஸ்தவ நம்பிக்கையை அறிமுகப்படுத்தவே நடத்தும் தொடர் வகுப்பு. ஆர்வம் இருந்தால் உட்காரலாம், இல்லாவிட்டால் நன்றி சொல்லி மறுக்கலாம். சபைக்குச் சபை போக்கு வேறு. சிலர் நற்செய்தி சொல்வதையே கடமையாக நினைப்பார்கள், சிலர் வாயே திறக்க மாட்டார்கள்.

கத்தோலிக்கத் திருச்சபை 1991-ல் வெளியிட்ட ஓர் ஆவணம் பிற சமயத்தாரோடு உரையாட நான்கு வழிகளைச் சொல்கிறது. இறையியல் அறிஞர்கள் பேசிக்கொள்வது அதில் ஒன்று. ஆனால் முதலில் வருவது, அக்கம்பக்கத்தில் வாழ்பவர்கள் சுகதுக்கங்களைப் பகிர்ந்துகொள்வது. உங்கள் பக்கத்து வீட்டு அம்மா செய்வது அதுதான். அந்த ஆவணத்தை அவர் பார்த்தேயிருக்க மாட்டார், அது வேறு விஷயம்.

இனி என் மானம் போன கதை. முதல் முறை ஞாயிறு வழிபாட்டுக்கும் போனேன். நடுவில் என் வரிசை முழுவதும் எழுந்து முன்னால் போனது, நானும் போனேன். எல்லோரும் கை நீட்டினார்கள், நானும் நீட்டினேன். மெல்லிய வட்டமாக ஒரு அப்பம் உள்ளங்கையில் வந்தது. பிரசாதம் மாதிரி வீட்டுக்குக் கொண்டுபோய் மனைவிக்கும் கொடுக்கலாம் என்று சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். பின்னால் வந்த பாட்டி என் முழங்கையைத் தொட்டு, "அதை இங்கேயே சாப்பிட வேண்டும், இல்லாவிட்டால் கொடுத்தவரிடமே திருப்பிக் கொடுத்துவிடுங்கள்" என்றார். குரலில் கோபம் இல்லை, ஆனால் முகம் வெளிறியிருந்தது. திருப்பிக் கொடுத்தேன். அவர்களுக்கு அது கிறிஸ்துவின் உடல் என்பது பிறகுதான் தெரிந்தது. கத்தோலிக்கர்கள் பொதுவாகத் தங்கள் சபையாருக்குத்தான் நற்கருணை என்ற அந்த அப்பத்தைக் கொடுப்பார்கள். சில சபைகள் ஞானஸ்நானம் பெற்ற எவருக்கும் கொடுக்கும். நீங்கள் இருக்கையிலேயே இருந்துவிடுங்கள், யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள். பல இடங்களில் மார்பின் குறுக்கே கைகளைக் கட்டிக்கொண்டு போனால் ஆசீர்வாதம் மட்டும் செய்து அனுப்புவார்கள். முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

அடுத்தது பேச்சு. இதில்தான் நம் ஆட்கள் அதிகம் சறுக்குகிறோம். ஒரு சனிக்கிழமை, பழைய துணி சேகரிப்புக்கு மேசை தூக்க வர முடியுமா என்று கேட்டார்கள். எனக்கு வேலை இருந்தது. முடியாது என்று முகத்துக்கு நேரே சொல்ல வாய் வரவில்லை. தலையை ஒரு மாதிரி ஆட்டி, "பார்க்கலாம்" என்றேன். நம்மிடையே அது மறுப்பு என்று குழந்தைக்கும் தெரியும். அவர்கள் என் பெயரை எழுதிக்கொண்டார்கள். அன்று எழுபது வயதைத் தாண்டிய இரண்டு பேர் அத்தனை மேசையையும் தூக்கியிருக்கிறார்கள். அடுத்த வாரம் ஒருவர் சொன்னார்: "முடியாது என்று சொல்லியிருந்தால் வேறு ஆள் பார்த்திருப்போமே." எட்வர்ட் ஹால் என்ற அமெரிக்க மானிடவியலாளர் 1976-லேயே இதைப் பற்றி எழுதியிருக்கிறார்: சில சமூகங்களில் பாதி அர்த்தம் சொல்லாமலே விளங்கும், சிலவற்றில் சொன்ன வார்த்தைதான் கணக்கு. எனக்கு அது மேசை தூக்காமல் விளங்கியது. முடியாது என்றால் முடியாது என்று சிரித்த முகத்தோடு சொல்லப் பழகுங்கள்.

சமயத்தைப் பற்றிப் பேச்சு வராமல் இருக்காது. "ஏன் இத்தனை கடவுள்?" என்று நிச்சயம் கேட்பார்கள். அது குத்தல் இல்லை, தெரியாமல் கேட்பது. உங்கள் வீட்டில் எப்படிக் கும்பிடுகிறீர்களோ அதை மட்டும் சொல்லுங்கள், மொத்த இந்து மதத்துக்கும் வக்கீலாக வேண்டாம். ஸ்வீடனில் ஸ்டாக்ஹோம் ஆயராக இருந்த கிறிஸ்டர் ஸ்டென்டால் 1985-ல் மூன்று விதிகள் சொன்னார். ஒரு மதத்தை அறிய அதன் எதிரிகளைக் கேட்காமல் அதைப் பின்பற்றுகிறவர்களையே கேள். உன்னிடம் உள்ள சிறந்ததை அவர்களிடம் உள்ள மோசமானதோடு ஒப்பிடாதே. அவர்களைப் பார்த்துக் கொஞ்சம் புனிதமாகப் பொறாமைப்பட இடம் வை. மூன்றாவது எனக்கு ரொம்பப் பிடிக்கும். முன்பின் தெரியாத நோயாளியை முறை வைத்துப் போய்ப் பார்க்கிறார்களே, அதைப் பார்த்து எனக்குப் பொறாமைதான்.

ஆனால் சிநேகம் பிடித்தது பேச்சு வட்டத்தில் இல்லை, பாத்திரம் கழுவும் இடத்தில். வட்டத்தில் நான் எப்போதும் "மாணவன்", அவர்கள் சொல்லிக்கொடுப்பவர்கள். கோப்பை துடைக்கும்போது இருவர் கையிலும் துண்டு, அவ்வளவுதான். அப்பத்தைத் திருப்பிக் கொடுக்கச் சொன்ன அதே பாட்டியோடு ஆறேழு மாதம் கோப்பை துடைத்திருப்பேன். ஒருநாள் என்னைப் பார்க்காமலே கேட்டார்: "என் பேரனுக்கு அறுவை சிகிச்சை. உங்கள் சாமியிடமும் சொல்வீர்களா?" சொல்கிறேன் என்றேன், சொன்னேன். என் அம்மா படுக்கையில் விழுந்தபோது, "ஜெபிக்கலாமா?" என்று அவர் கேட்க, நானும் தயங்காமல் சரி என்றேன். உங்களுக்கு அது சங்கடம் என்றால், "நன்றி, உங்கள் வீட்டில் வேண்டிக்கொள்ளுங்கள்" என்றால் போதும்.

அதனால் இந்தப் புதன்கிழமை அந்த அம்மாவிடம் சொல்லுங்கள்: "வகுப்புக்கு வருகிறோம், வழிபாட்டுக்கு இப்போது இல்லை. முடிந்ததும் நாற்காலி மடக்க நான் நிற்கிறேன்." மனைவியையும் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள், தம்பி. உங்கள் கடிதத்தில் அவர் என்ன நினைக்கிறார் என்று ஒரு வரிகூட இல்லை.